முனியாண்டி கோயில் வளைவில் நிற்கும் பஸ்

அன்புள்ள மகன் மதுசூதனனுக்கு அப்பா எழுதுறது. நான், அம்மா, தங்கச்சி துவாரகா, பின்னுக்குக் கட்டியிருக்கிற மாடு, நாலு பேரும் இங்க சுகம், மழைதான் விடுறதா இல்ல. கட்டார்ல நீயும் உன் லொறியும் அதே மாதிரி சுகமா இருக்கணும்னு தினமும் வெளக்குப் போடும்போது முனியாண்டிகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். போன்லயே பேசலாம், ஆனா நான் ஹலோ சொல்றதுக்குள்ள அம்மா புடுங்கி, சாப்பிட்டியானு தொடங்கி சார்ஜ் முடியிற வரைக்கும் அதையேதான் கேப்பா. அதனால எழுதுறேன், துவாரகா போட்டோ புடிச்சு அனுப்புவா. எழுத்துப் பிழையைப் பெருசாக்கிப் பார்க்காத, உன் அப்பன் எட்டாம் வகுப்பு, அதுலயும் ஏழாம் வகுப்பை ரெண்டு தடவ ருசி பார்த்தவன்.

நம்ம இராக்கம்மா வழக்கு ஆறு மாசம் முன்னமே ஒருவழியா முடிஞ்சுபோச்சு. போன வருசம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நடந்து போன மனுசியக் கோயில் வளைவுல பஸ் அடிச்சு, ஆஸ்பத்திரி போய்ச் சேர முன்னமே உசுரு போனது உனக்குத் தெரியும். பூசைக்காகக் கோயில்ல நின்ன நான் ஒருத்தன்தான் கண்ணால பார்த்த சாட்சி. உனக்குத் தெரியாத கூத்து என்னன்னா, இங்கிருந்து பதுளை கோர்ட்டுக்குப் போறதுக்கு இருக்கிறதே அந்த ஒரு காலை பஸ்தான், பிணையில வந்து அதை ஓட்டினதும் அவளை அடிச்ச அதே டிரைவர் கிஷாந்தன்தான். ஆக, அவனுக்கு எதிரா சாட்சி சொல்ல அவன் பஸ்ஸுலயே அஞ்சு தடவ போனேன். மொதல் நாளே, மாமா முன் சீட்டுல இருங்க, டிக்கெட் எடுக்க வேணாம், நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே போறோம்னு சொல்றான். நான் வீறாப்பா டிக்கெட் எடுத்தேன். ஆனா முன் சீட்டுல உட்கார்ந்துட்டேன், முழங்கால் அப்படி.

ஒரு நாள் வக்கீல் வரல, ஒரு நாள் பொலிஸ் பைல் வரல, ஒரு நாள் எல்லாரும் வந்தா நீதவான் லீவு, இன்னொரு நாள் ஏன்னே சொல்லாம தவணை. அஞ்சாவது தடவதான் கூண்டுல ஏத்தினாங்க. பஸ் வேகமா வந்துச்சுங்கனு சொன்னேன். எவ்வளவு வேகம்னு அவன் வக்கீல் கேட்டார். பொய் சொல்லக்கூடாதேனு யோசிச்சு, மழை வர முன்ன எங்க தோட்டத்துச் சின்னத்துரை மோட்டார் சைக்கிள்ல பங்களாவுக்குப் பறப்பாரே அந்த வேகம்ங்கனு சொன்னேன். உங்களுக்கு லைசன்ஸ் இருக்கானு கேட்டார். இல்லீங்க. வாகனம் ஏதாவது ஓட்டியிருக்கீங்களா? ஒரு தடவ ஆட்டோங்க, தேயிலைக்குள்ள போயிருச்சுங்க. எவ்வளவு தூரம் ஓட்டினீங்க? நான் எங்கீங்க ஓட்டினேன், ஸ்டார்ட் பண்ணினதும் அதுவாப் போச்சுங்கனு சொன்னதும் கோர்ட்டே சிரிச்சுச்சு. நீதவான் பைலைத் தூக்கி வாயை மறைச்சுக்கிட்டார், கிஷாந்தனும் சிரிச்சான். மடையன் நானும் சேர்ந்து சிரிச்சேன், நாலு பேர் சிரிச்சுட்டா உன் அப்பனுக்குத் தலைகால் புரியாதுன்னு உனக்குத் தெரியாததா. அப்பத்தான் பெஞ்சுல இருந்த இராக்கம்மா மக லதுஷா கண்ணுல பட்டா. அம்மாவோட அடையாள அட்டையக் கையில வச்சுக்கிட்டு இருந்தா. அவ சிரிக்கல.

அன்னைக்கே கிஷாந்தன் குத்தத்த ஒத்துக்கிட்டான். ரெண்டு வருசம் மறியல்ல கெடக்கணும்னு சொன்னதும் நான் எந்திரிச்சே நின்னுட்டேன், பார்த்தா அது ஒத்திவைச்ச மறியலாம், மறுபடி குத்தம் செஞ்சாத்தான் உள்ளுக்குப் போகணுமாம். அதோட ஒரு தண்டப்பணம், ஆறு மாசத்துக்கு லைசன்ஸ் இல்ல, அவ்வளவுதான். படிச்சவங்க சட்டப்படிதான் செஞ்சிருப்பாங்க. ஆனா நம்ம மாடு தேயிலைக்குள்ள போனதுக்குத் தோட்டத்துல எனக்கு மூணு மாசம் வேலைய நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு உசுரே போனதுக்கு அதுல ரெண்டு மடங்குதானானு எனக்குக் கணக்கு உதைக்குது. வெளிய வந்ததும் லதுஷா, ஆறு மாசம் கழிச்சு இந்த ஆள் ஓட்டுற பஸ்ஸுலதான் நான் டவுன் கடைக்கு வேலைக்குப் போகணுமா மாமானு கேட்டா. கோர்ட்டையே சிரிக்க வைச்ச நான் குடையை விரிச்சு அவ கையில குடுத்துட்டு முன்னால நடந்தேன்.

அந்த ஆறு மாசம் போன ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுது. திங்கக்கிழமை அவன் வந்துட்டான். எல்லா பஸ்ஸும் நம்ம கோயில்ல நிக்கும், கொண்டக்டர் ஓடிவந்து திருநீறு வாங்கி டிரைவருக்குக் குடுப்பான், எஞ்சின் நிக்காது, டிரைவர் எறங்க மாட்டான், அதுதானே வழக்கம். நானும் பழக்க தோசத்துல அள்ளிக் குடுத்து, நல்லபடியாப் போயிட்டு வாங்கனு சொல்லிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னல்ல லதுஷா என்னையே பார்த்துக்கிட்டுப் போனா, அப்பத்தான் யாருக்கு அள்ளிக் குடுத்தேன்னு உறைச்சுது. வீட்டுல சொன்னா அம்மா, கோயில்லயும் ஒத்திவைச்ச தீர்ப்புத்தானானு ஒரு கேள்வி கேட்டா பாரு.

மறுநாள் திருநீறு தட்டை மூடி வச்சுக்கிட்டுக் கோயில் படியில உட்கார்ந்துட்டேன். டிரைவர் எறங்கி வந்தாத்தான் திருநீறு, எஞ்சினையும் நிப்பாட்டணும்னு கொண்டக்டர்கிட்ட சொன்னேன். ஹார்ன் அடிச்சான், நான் அசையல. பஸ்ஸுக்குள்ள இருந்து, ஏய் இருளப்பா, கிளினிக் நம்பர் போயிரும், ஒனக்கு முனியாண்டி புடிச்சிருச்சானு சத்தம். கடைசியில எஞ்சின் நின்னுச்சு, கிஷாந்தன் எறங்கினான். அவனைக் கோயிலுக்குக் கூப்பிடல, இராக்கம்மா விழுந்து கெடந்த, ரோட்டுத் தண்ணி ஓடுற கான் ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போய், இங்க அவ பேரைச் சொல்லி ஒரு வெளக்குப் போடு, அப்புறமா திருநீறு வாங்கிக்க, இது சட்டமும் இல்ல முனியாண்டி கேக்கவும் இல்ல, நான்தான் கேக்கிறேன்னு சொன்னேன். அவன் கிழிச்ச மூணு குச்சியும் மழையில அணைஞ்சுபோச்சு. அப்ப லதுஷா எறங்கி வந்து குடையப் புடிச்சா. வெளக்குக்குத்தான் புடிச்சா, அவனுக்குப் புடிக்கல. அவன் நனைஞ்சுக்கிட்டே இராக்கம்மானு சொன்னான். இப்ப தினமும் வெளக்குப் போட்டுட்டுப் போறதுல பஸ் அஞ்சு நிமிசம் பிந்துது, எல்லாரும் என்னைத்தான் ஏசுறாங்க, ஆனா வெளக்க நிப்பாட்டுனு ஒருத்தரும் சொல்லல. அந்த வளைவுல இப்ப பஸ் போற வேகத்துக்கு நம்ம மாடே முந்திரும்.

ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்றேன். மறியல்னு வாசிச்சப்ப அந்த எடத்துல நீ நிக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவனுக்கும் உன் வயசுதான். நீ நின்னிருந்தா இதே அப்பன் நீதவான் கால்ல விழுந்து, கொறைச்சுக் குடுங்கய்யானு அழுதிருப்பேன். அப்படி ஒரு நாள் எனக்கு வேணாம் மகன். தூக்கம் வந்தா ஓரங்கட்டித் தூங்கு. ஓட்டும்போது அம்மா போன் பண்ணினா எடுக்காத, சாப்பிட்டானாம்னு நானே சொல்லிக்கிறேன்.

நல்ல ஆயுசோட, யார் ஆயுசையும் எடுக்காம நீ வீடு வந்து சேரணும், அதுதான் அம்மாவும் நானும் கேக்கிற வரம். திருநீறும் அனுப்பலாம்னு பார்த்தேன், போட்டோவுல வராதுனு துவாரகா சொல்லிட்டா. நான் பூசிவிட்டதா நெனைச்சுக்க, ஆனா எறங்கி லொறிய ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு அப்புறம்.

உன் பாசமுள்ள அப்பா,
லைசன்ஸ் இல்லாத செ. இருளப்பன்