இறக்கைக்கு வைத்த சந்தனம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணுகிறது, பயப்படாதே.

எண்ணூரில் நிலக்கரிக் குவியலை மேலிருந்து படமெடுக்க எனக்குப் புது ட்ரோன் கொடுத்தார்கள். அப்பாவின் டிராக்டருக்கு நீ வைப்பதுபோல, நான்கு இறக்கையும் மாட்டும் இடத்தில் தாராளமாகச் சந்தனம் வைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. சூடத்தை நானே காட்டி நானே கும்பிட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஓடவிட்டதும் ஓர் இறக்கை கழன்று என் பக்கமாகப் பறந்தது. இறக்கையை மாட்டும் பூட்டு சரியில்லை, வேறு அனுப்புங்கள் என்று விற்றவர்களோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். கடைசியில் எங்கள் ஃபிட்டர் பரசுராமன் அண்ணன் பூட்டைச் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள சந்தனம் காஞ்சு கல்லு மாதிரி கீது. அப்புறம் எப்டி மாட்டும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நன்றாகப் பறக்கிறது.

வீடியோவில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, காலடிப்பேட்டை அறையில் சிக்னல் இல்லை. வீட்டுக்கார புஷ்பவல்லி அக்காவும் விடியுமுன் மீன் ஏலத்துக்குக் காசிமேடு போய்விடுகிறார். அதனால் ஒன்று கேட்கிறேன். அலமாரியில் இருக்கும் என் பெரிய கிளிப்பைக் கூரியரில் அனுப்பு. ஒற்றைக் கையால் தலை பின்ன வரவில்லை. கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள்தான்.

ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்குகிறேன்.

உன்
நர்மதா