நுனி மேலே பார்த்த மாவிலைகள்

மார்சிலிங்,
ஜனவரி, மழை விடாத வாரம்.

அன்பு இனியாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம், அபர்டீனில் நீயும் ஸ்ரீநாத்தும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன மாதம் போனில் ஒரு கேள்வி கேட்டாயே, "அம்மா கல்யாணத்துக்கு வருவாங்களா மாட்டாங்களாப்பா, நேரா சொல்லுங்க" என்று. நான் இங்கே நல்ல மழை என்று பதில் சொன்னேன். மழை பெய்தது உண்மைதான், ஆனால் அது கேள்விக்குரிய விடை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

மழை இன்னமும் விடவில்லை. உங்கள் ஊரில் புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள், இங்கே யாரும் அந்த அளவுக்கு மரியாதை கொடுப்பதில்லை. வெப்பம் இருபத்திரண்டு பாகைக்கு இறங்கிவிட்டது, நீ சிரிப்பாய், ஆனால் உன் பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டையை அம்மா சமையலறையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். சன்னலில் அக்கரையிலுள்ள ஜொகூர் தெரியவில்லை, துணி காயவில்லை, நடக்கப் போகவும் வழியில்லை. அதனால் உன் கல்யாண வாசலுக்கு மாவிலைத் தோரணம் தைக்க உட்கார்ந்தேன். நிஜ இலையை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். பச்சை ஃபெல்ட் துணி வாங்கப் போனபோது சிராங்கூன் சாலைக் கடைக்காரர், "எதுக்கு சார் சிரமம், பிளாஸ்டிக்ல ரெடியா இருக்கு லா, தொடைச்சாப் போதும்" என்றார். உங்கள் ஊர்க் காற்றுக்குப் பிளாஸ்டிக் படபடவென்று அடிக்கும், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நீ போய்ப் போய்த் திறப்பாய் என்று அவரிடம் விளக்கினேன். துணியை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

தைப்பது கடினமில்லை. ஒரே அளவில் இரண்டு இலை வெட்டி, நடுநரம்பை மஞ்சள் நூலில் ஓட்டுத் தையல் போட்டு, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து ஓரத்தை மூட வேண்டும். ஊசியில் நூல் கோப்பதற்குத்தான் பாதி நாள் போகிறது. அம்மா சோபாவின் அந்தக் கோடியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தைக்கிறேன் என்று கேட்கவில்லை. நீ தேதி குறித்துவிட்டுச் சொன்ன நாளிலிருந்து அவள் கல்யாணம் என்ற சொல்லையே எடுப்பதில்லை, உனக்குத் தெரியும். ஸ்ரீநாத் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. நல்ல பையன், இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்பதோடு சரி.

நேற்று மாலை எல்லா இலையையும் கயிற்றில் கோத்து அறைக் கதவில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அம்மா திரும்பினாள். "என்னங்க இது, எல்லாம் தலைகீழாத் தொங்குது? காம்பு கீழ, நுனி மேல. காலமெல்லாம் பிள்ளைங்களுக்கு இலை வரையச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரு!" என்றாள். பார்த்தேன், சரிதான். புத்தகத்தில் இலையை நுனி மேலே வைத்துத்தான் வரைவோம், அந்தப் பழக்கத்தில் தைத்துவிட்டேன். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியாது, விடு என்றேன். "அவங்களுக்குத் தெரியாது, சரி. கல்யாண வாசல்ல இப்படித் தொங்குனா நான் பாப்பேன்ல?" என்று சொல்லிக் கத்தரியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். பார்க்க வேண்டுமானால் அந்த வாசலில் நிற்க வேண்டும். இதை நான் சுட்டிக்காட்டவில்லை, கத்தரி அவள் கையில் இருந்தது.

பிரித்துக்கொண்டே, "வாசல் எவ்வளவு அகலம், கேட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "இந்த வீட்டுல யாருதான் யாரைக் கேக்குறா" என்றாள். பிறகு இரவுச் சாப்பாடு வரை அவளே உட்கார்ந்து தைத்தாள். என் தையலைவிட நெருக்கமாக இருக்கிறது.

வகுப்பில் கை தூக்கிய பிள்ளையைக் கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், பிறகு விடை தெரிந்தாலும் அது கை தூக்காது, சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பாடம் பிடிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். நீ அம்மாவுக்குத் தேதியைச் சொன்னாய், இடத்தைச் சொன்னாய், எங்கள் பயணத்துக்கு எந்த விமானம் வசதி என்பதையும் சொன்னாய். எல்லாம் சரியாகவே சொன்னாய்.

கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே, வைட்டமின் மாத்திரையை மறக்காதே. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பொறுமையாகக் கேட்டு, மனம் நிறைந்து நீண்ட காலம் வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் உண்டு, அவளிடம் கேட்காமலே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்யாதே. அம்மாவுக்குச் செய். கல்யாணத்தில் நீ இன்னும் முடிவு செய்யாத ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு, எப்படிச் செய்யலாம் என்று அவளைக் கேட்டுப் பார்.

உன் நலமே நினைக்கும் அப்பா,
அங்கமுத்து