கதவு வைத்த சீட்டும் உன் அம்மாவும்

ஊரிகம், கே.ஜி.எஃப்.
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது

அன்புள்ள மகன் டென்னிஸுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடும் மருமகள் நிக்கோலோடும் இருப்பதாக. நான் சுகம், முதுகு அப்படியே இருக்கிறது, சர்க்கரை சொன்ன பேச்சு கேட்கிறது. அம்மா சுகமா என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டு நகர முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாமே என்பாய். நீ போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு அம்மா என் தோளோடு தோளாக உட்கார்ந்துகொள்கிறாள், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி நான் என்ன பேசுவது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ மீட்டிங்கில் இருந்தபடியே கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் பேப்பரில் எழுதி ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனாலும் கடைசி வரைக்கும் படி.

நாங்கள் அமெரிக்கா வர நீ அனுப்பின அந்த விமான டிக்கெட் அட்டவணையில் இருந்து ஆரம்பிக்கிறேன். உன் ஆபீஸ் விமானப் பயணங்களில் சேர்ந்த மைல் கணக்குக்கு இலவசமாக ஒரு பிசினஸ் கிளாஸும் ஒரு பிரீமியம் எகானமியும்தான் வரும் என்று எழுதினாய், சரி, அதில் தப்பில்லை. ஒரு பக்கம் பிசினஸ் கிளாஸ், சீட்டே கட்டிலாக விரியும், சுற்றிலும் தடுப்பு, தள்ளுகிற கதவு, பீங்கான் தட்டில் சாப்பாடு. இன்னொரு பக்கம் பிரீமியம் எகானமி, கால் வைக்கக் கொஞ்சம் கூடுதல் இடம், கொஞ்சம் சாய்கிற சீட். அதற்குக் கீழே, அப்பாவுக்கு முதுகு வலி, ஆகையால் பிசினஸ், அம்மா குள்ளம், கால் நீட்ட இடம் தேவைப்படாது, ஆகையால் பிரீமியம் எகானமி என்று எழுதிப் பச்சை டிக் போட்டிருந்தாய். சீ! பெற்றவளை அங்குலத்தில் அளந்து ஓரமாக உட்கார வைக்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? நான் முன்னால் போர்வை போர்த்திப் படுத்துக்கொள்ள வேண்டும், திரைக்குப் பின்னால் அவள் பதினேழு மணி நேரம் யாரோ இரண்டு பேருக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வர வேண்டும். இடையில் எழுந்து போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வேறு எழுதியிருந்தாய், என்ன அது, ஆஸ்பத்திரி விசிட்டிங் நேரமா? நான் தங்க மைன்ஸ் மூடுகிற நாள் வரைக்கும் ஆளைக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற வைண்டர் ஓட்டினவன். கேஜ் கூண்டில் ஆபீசர் இறங்கினாலும் சரி, மண் அள்ளுகிறவன் இறங்கினாலும் சரி, கயிறு ஒன்றுதான், இரண்டு பேருக்கும் நான் ஒரே கையால்தான் பிரேக் போட்டேன். ஆகாயத்தில் போகிற கேஜுக்கு இத்தனை தட்டு வைத்து மனுஷனைப் பிரிக்கிறார்கள், அதை ஒரு பெருமையாக என் மகன் எனக்கு விளக்கப் படம் போட்டு அனுப்புகிறான்.

என் கெட்ட நேரம், அந்த அட்டவணையை நம் ஜெயகரன் அங்கிளிடம் காட்டிவிட்டேன். மைன்ஸில் ஷிப்டு கணக்கு எழுதுகிற டைம் ஆபீசில் வேலை செய்த மனுஷன், அதனால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு டியூட்டி லிஸ்ட் இருக்கிறது. இதுல இன்னாபா கஷ்டம், எட்டு மணி நேரம் நீ படு, எட்டு மணி நேரம் சிஸ்டர் படுக்கட்டும், ஷிப்டு மாத்திக்கோங்க, எவன் கேப்பான் என்றார். அதோடு விட்டாரா? போன ஞாயிறு எனக்குத் தெரியாமல் கர்த்தருக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திரச் சீட்டு எழுதிக் காணிக்கைப் பையில் போட்டிருக்கிறார். போதகர் அதை எடுத்து, சகோதரர் ஏனோக், சகோதரி பியாட்ரிஸ் இருவரும் பிசினஸ் கிளாஸில் அமெரிக்கா செல்லக் கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று சபை நடுவில் வாசித்தார். நான் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். கர்த்தருக்கு வேறு வேலை இல்லையா, ஒருவனுக்குக் கட்டிலும் ஒருத்திக்கு நாற்காலியும் போட்டுக் கொடுக்கத்தானா அவர் வாசலைத் திறக்கிறார்? ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் அம்மா கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எதிர் லைன் வீட்டு ஐடா ஆன்ட்டி சாயங்காலமே பன்றிக்கறி ஊறுகாய் இரண்டு பாட்டில் கொண்டு வந்து வைத்துவிட்டு, கட்டிலோட சீட்டாமே சிஸ்டர், அடியில நெறைய எடம் இருக்குமில்ல என்றார்கள். வயிற்றெரிச்சல் பட்டவர்களும் உண்டு, அவர்கள் பேசினதை எழுதினால் பேப்பர் நாறும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அன்றைக்குக் கோவிலில் இருந்து நடந்து வரும்போது அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து, யாருங்க அமெரிக்கா போறது, பாருங்க, அவங்க பேரும் பியாட்ரிஸாம் என்றாள். விளையாடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒன்றரை வருஷப் பழக்கம்.

இருந்தாலும் உன்னைப் பார்க்கிற ஆசை அவளுக்கும் எனக்கும் விடவில்லை. கட்டில் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிடலாம், பின்னால் நான் உட்கார்ந்து வருகிறேன் என்று முடிவு பண்ணினேன், பெரிய தியாகம் செய்தவன் போல மார்பை நிமிர்த்திக்கொண்டேன். நீயும் பெங்களூரில் ஒரு மாலில் விமானக் கம்பெனிக்காரர்கள் அந்த சீட்டை விளம்பரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், போய் உட்கார்ந்து பாருங்கள் என்று சொன்னாய். செவ்வாய்க்கிழமை காலை ரயில் வண்டியில் நானும் அம்மாவும் போனோம், கூப்பிடாமலே ஜெயகரனும் வந்தார். வண்டி புறப்படுகிற மாரிகுப்பத்திலேயே கர்ச்சீப் போட்டு சீட் பிடித்து வந்த கூட்டம், நிற்க இடமில்லை, ஆனாலும் ஆபீசுக்குப் போகிற ஒரு பெண் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, ஆன்ட்டி நீங்க உக்காருங்க என்று இடம் விட்டது. மாலில் கண்ணாடித் தரையில் நட்ட நடுவில் அந்த சீட். கோட்டு போட்ட ஒரு பெண், பன்னி ஆன்ட்டி, பன்னி என்று கன்னடத்தில் வாங்க வாங்க சொல்லி அம்மாவை உட்கார வைத்தாள், பொத்தானை அழுத்திப் படுக்க வைத்தாள், போர்வை போர்த்தினாள், பிறகு தடுப்புக் கதவை இழுத்து மூடினாள். இப்போ உங்க பிரைவசியை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க என்றாள். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மூன்று அடி தள்ளி. பக்கத்து மேசையில் காட்சிக்கு வைத்திருந்த வெறும் ஒயின் கிளாஸை என் கையில் கொடுத்து, சிரிபா ஏனோக், அப்படியே தூக்கிப் பிடி என்று ஜெயகரன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையாலும். அந்தக் கோட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள், புடவைத் தலைப்பு கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் வியர்வை. நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவள் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு என்னைப் பார்த்து, அண்ணே, எங்க வீட்டுக்காரர் வெளிய நிக்கிறாருங்க, கொஞ்சம் கூப்பிடுங்களேன், என்னைப் பொட்டியில வெச்சு மூடிட்டாங்க என்றாள்.

நாற்பத்து நான்கு வருஷம் ஆயிற்று டென்னிஸ், எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி. அங்கே பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீர் குடித்த பிறகுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள், ஏங்க இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு என்று என்னைக் கேட்டாள். ஜெயகரனிடம் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொய் சொன்னேன். கோட்டுப் பெண் நிறையப் பேருக்கு இப்படி ஆகும் சார், பழகிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் படுக்க வைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த சீட்டைப் பார்த்து வெறுத்தேன், கதவைப் பார்த்து வெறுத்தேன், உன் பச்சை டிக்கை நினைத்து வெறுத்தேன், எல்லாவற்றையும் விட அந்த போட்டோவில் வெறும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளிக்கிற கிழவனைப் பார்த்துத்தான் அதிகம் வெறுத்தேன். ஜெயகரன் போனைப் பிடுங்கி அதை அழித்தேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது உண்மையை எழுதுகிறேன். அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் ஆரம்பித்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்பு போட்டாள், சிரித்துக்கொண்டோம். பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது கல்யாணத்துக்கு எப்போ கிளம்பணும் என்று கேட்டாள், அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன், உனக்கு ஐடா ஆன்ட்டி வீட்டு விசேஷம் என்று சொன்னேனே, அதுதான். மாத்திரை கொடுத்தார்கள், அது போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், போனதைத் திருப்பிக் கொண்டு வராது என்றார் டாக்டர். பழகின வீடு, பழகின வழி, பழகின முகம், இதில் வைத்திருங்கள் என்றார். பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பாட்டை எடுத்தாலும் கடைசிச் சரணம் வரைக்கும் புத்தகம் இல்லாமல் பாடுகிறாள், அடுப்பை அணைத்தோமா என்பது மட்டும் நினைவில் நிற்பதில்லை. உன்னிடம் போனில் சாப்பிட்டியாபா என்று மூன்று தடவை கேட்கிறாளே, நீ சிரிக்கிறாய், அம்மாவுக்கு இதே கேள்விதான் என்று நிக்கோலிடம் சொல்கிறாய், அது எங்களுக்கும் கேட்கிறது. அவளுக்கு வேறு கேள்வி நினைவில் வரவில்லை, அதனால் நினைவில் இருக்கிற ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். நான் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கலாம், கேட்கிற உரிமை உனக்கு உண்டு. நீ பதறிப் போவாய் என்று நினைத்தேன் என்பது பாதி. சொன்ன பிறகும் நீ பதறாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் மீதி.

ஆகையால் நாங்கள் வரவில்லை. பிசினஸும் வேண்டாம், பிரீமியமும் வேண்டாம், பக்கத்துப் பக்கத்து சீட் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே, இப்போது பேச்சு சீட்டைப் பற்றி இல்லை. ஆகாயத்தில் நடுவழியில் அவள் கண் விழித்து அண்ணே எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க என்று கேட்டால் நான் எங்கே இறங்கி யாரைக் கூப்பிடுவேன்? வர வேண்டியது நீ. ஆறு வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்கிறாய். இந்த வருஷம் மட்டும் ஆபீஸ் வேலையாக லண்டன் இரண்டு தடவை, சிங்கப்பூர் ஒரு தடவை போயிருக்கிறாய், ஒவ்வொரு தடவையும் காலை நீட்டிக்கொண்டு கையில் கிளாஸோடு எடுத்த போட்டோ பேஸ்புக்கில் வந்தது, கூடவே இந்த கிளாஸுக்கும் அந்த கிளாஸுக்கும் என்ன வித்தியாசம் என்று நீ எழுதின நீளமான கதை. சிங்கப்பூர் வரைக்கும் வந்தவனுக்கு இங்கே வர நாலரை மணி நேரம். அந்தப் போட்டோவையெல்லாம் அம்மாவிடம் காட்டி, உன் மகன் எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான் பார் என்று நான்தான் பெருமை அடித்தேன், இன்றைக்கு நினைத்தால் தூ என்றிருக்கிறது. உன் மைல் எல்லாவற்றையும் உனக்கே போட்டுக்கொள். படுத்து வா, சாய்ந்து வா, கடைசி வரிசையில் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து வா, எனக்கு ஒன்றும் இல்லை, சீக்கிரம் வா. டாக்டர் மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைய தேதிக்கு உன் குரல் அவளுக்குத் தெரிகிறது, உன் முகமும் அநேகமாக எல்லா நாளும் தெரிகிறது.

நிக்கோலுக்கு வசதிப்பட்டால் அழைத்து வா, இல்லையென்றால் நீ மட்டும் வா, மருமகள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல். அவள் பின்னி அனுப்பின சால்வையைத்தான் அம்மா ராத்திரியில் போர்த்திக்கொள்கிறாள். சாக்லேட், சென்ட் எதுவும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, கார் ஓட்டும்போது போன் பேசாதே. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள், நானும் பயந்துதான் போயிருக்கிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, எந்தக் குறையும் இல்லாமல் உன்னை எங்கள் வாசலில் கொண்டு வந்து நிறுத்தட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. வந்ததும் வாசலில் நின்றுகொண்டு, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம் என்று அம்மாவிடம் விளையாடாதே. உள்ளே வரும்போதே, அம்மா, நான் டென்னிஸ் என்று நீயாகவே சொல்லிவிடு.

உன் அப்பா,
ஏனோக்