சட்டைப் பையில் வைத்த அப்பம்

அம்மாவுக்கு,

மால்டாவிலிருந்து இளவழகன் கும்பிட்டு எழுதுவது. நான் இங்கே சுகம். உனக்கு வயிற்று வலி குறைந்திருக்கிறதா? ஆபரேஷன் என்று கேட்டதிலிருந்து போனில் பேசினால் குரல் உடைந்துவிடுகிறது. அதனால் லீவில் சிதம்பரம் வரும் என் ரூம்மேட் இம்தியாஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு கூத்து நடந்தது, கேள். ஞாயிறுதோறும் இங்கே சர்ச்சில் போய் உட்காருகிறேன். நோயாளிகளின் பெயரைப் படிப்பார்கள். முன்பின் தெரியாதவருக்காக எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். அதைக் கேட்கத்தான் போக ஆரம்பித்தேன். போன வாரம் அப்பம் கொடுத்தபோது நானும் வரிசையில் நின்றுவிட்டேன். பிரசாதம்தானே, உனக்கு அனுப்பலாம் என்று தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஃபாதர் பார்த்துவிட்டார். ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் வாங்கலாம், அதையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்று மெதுவாகச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டார். யாருக்கு என்று கேட்டார். உன் பெயரையும் ஆபரேஷனையும் சொன்னேன்.

இந்த வாரம் 'புஷ்பவள்ளி' என்று தட்டுத் தடுமாறிப் படித்தார். சர்ச்சே உனக்காக வேண்டிக்கொண்டது. நான் தலை நிமிரவில்லை.

"என்னா மச்சான், மாறப் போறியா?" என்கிறான் இம்தியாஸ். தெரியவில்லை அம்மா. போகாவிட்டால் பயமாக இருக்கிறது. போனால் நம் பெருமாளை ஏமாற்றுகிறேனோ என்று உறுத்துகிறது. அப்பாவிடம் இப்போது சொல்லாதே.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் திருவந்திபுரம் போனால், பெருமாள் துளசி கொஞ்சம் இம்தியாஸிடம் கொடுத்துவிடு. ஃபாதர் வாங்கிக்கொண்டதிலிருந்து என் சட்டைப் பை காலியாகவே இருக்கிறது.

இளவழகன்