வாய்ப்பூட்டு மிட்டாய்

அன்புள்ள அம்மாவுக்கு வெண்டல் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே ஒஹாயோவில் வேலை நேரம் போக, சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் பேஸ்பால் போட்டிகளை நடத்துகிறேன். பிள்ளைகள் தங்கம். பெற்றோர்தான் வாய்க்கொழுப்பெடுத்த ஜென்மங்கள். அந்த வாய்களை அடைக்கவே ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுக்கிறோம். நேற்று பல் டாக்டர் ஹார்லன் மட்டும், "பல்லு சொத்தையாயிடும்யா" என்று மறுத்துவிட்டு, "யோவ் அம்பயர், கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். பந்து வீசிக்கொண்டிருந்த அவர் மகள் டெஸ்ஸா நேராக வந்து ஒரு மிட்டாயைப் பிரித்தாள்.

"அப்பா, ஆ காட்டு."

காட்டினார். திணித்துவிட்டுப் போனாள்.

சின்ன வயதில் நான் ஆடும்போது நீங்கள் வாயே திறக்காமல் ஸ்வெட்டர் பின்னுவீர்கள். என்னைப் பார்க்கவில்லையென்று கோபித்துக்கொள்வேன். அந்த ஸ்வெட்டரை அனுப்புங்கள். இப்போது எனக்குப் பத்தாதுதான், பரவாயில்லை.

அவசரத்தில்,
வெண்டல்