முத்திரை மோதிரத்தை விழுங்கிய களவா மீனுக்கு விடுத்த ஓலை

நீர் தெளிக; நிழல் நீள்க; இரை குறையாதிருக. பவளப்பாறை ஏழுக்கும் அதிபதியும், பாறைப் பொந்தையே கொலுமண்டபமாகக் கொண்டவரும், மெல்லாமல் விழுங்கும் மேன்மையருமாகிய களவா மீனின் சமூகத்திற்குத் திரைக்கரை நாட்டு ஓலைநாயகம் சேந்தனார் தலைதாழ்ந்து விடுப்பது. இளமையில் பெண்ணாகவும் முதுமையில் ஆணாகவும் வாழ்வது தங்கள் குலவழக்கம் என்று முத்துக்குளிப்போர் சொல்லக் கேட்டதால், தேவரீர் என்று பொதுவில் எழுதலாயிற்று, பிழையாயின் பொறுத்தருள்க.

சென்ற பிறையன்று, அரசர் திரைமாறனாருக்குத் தேவரீரைச் சுட்டிக்காட்டும் ஆர்வத்தில், சேந்தனார் படகிலிருந்து கையை நீருக்குள் நீட்டினார். அரசர் சார்பில் ஓலைகளுக்கு முத்திரையிடுபவர் ஆதலால் அக்கையில் அரச முத்திரை மோதிரம் இருந்தது. தேவரீர் மோதிரத்தை வைத்துக்கொண்டு விரலைத் திருப்பித் தந்த பெருந்தன்மையை அவர் இன்றும் மறந்தாரில்லை.

அதன்பின் நாடு படும் பாட்டைச் சொல்லி மாளாது. முத்திரையிட்ட ஓலையின்றிப் பவளப்பாறையில் எவரும் முத்துக்குளிக்கலாகாது, தூண்டிலும் இடலாகாது என்பது சட்டம். மோதிரத்தை மீட்குமாறு அரசர் மும்முறை ஓலை விடுத்தும், குளிப்போர் தலைவி கொற்றியார், முத்திரையில்லா ஓலைக்குத் தம் கட்டைவிரலும் நனையாது என்று மும்முறையும் திருப்பியனுப்பிவிட்டார். அந்தச் சட்டத்தை எழுதியவரும் சேந்தனாரே.

பௌர்ணமிக்குள் மோதிரம் வாராதாயின் சேந்தனாரின் பதவி அவர்தம் மைத்துனருக்குப் போகும். மைத்துனரோ இப்போதே வந்து, இருக்கையின் அகலத்தை நூல்பிடித்து அளந்து, தமக்குப் போதாது என்று முகஞ்சுளித்துப் போயிருக்கிறார்.

முத்திரை யாரிடமோ ஆட்சியும் அவரிடமே என்பது இந்நாட்டு முறை. ஆகவே இன்று எம்மை ஆள்பவர் தேவரீரே என்று சேந்தனார் மூன்று நாள் ஏடு புரட்டிக் கண்டறிந்தார். திரைமாறனாரும் பெருமூச்சு விட்டு ஒப்பினார். ஆள்பவருக்குக் காணிக்கை செலுத்துவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதையும் அதே ஏட்டில் கண்டார்.

எனவே கொழுத்த கணவாய் மீன் ஒன்று, இவ்வோலையுடன் கயிற்றில் கட்டி இறக்கப்படுகிறது. அதனுள் வளைந்த இரும்பு ஏதேனும் தட்டுப்பட்டால் தேவரீர் பொருட்படுத்த வேண்டா. கயிற்றின் மறுமுனையில் சேந்தனாரும், வேடிக்கை பார்க்க வந்த கொற்றியாரும் பணிவோடு காத்திருக்கின்றனர்.

இவ்வோலைக்கு முத்திரை இடப்படவில்லை. அது தேவரீர் வயிற்றில் உள்ளது. ஓலை கண்டவுடன், மெல்லாமல், வழக்கம்போல் விழுங்கியருள்க.