கோடு சரியா என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்

அப்பா,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இருந்தபோது உங்கள் எதிரே நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், போன பிறகு பக்கம் பக்கமாக எழுத வந்திருக்கிறேன். இன்று காலை நடந்ததற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு ஜவளகிரிக்கார அக்கா எக்ஸ்ரே கவரோடு வந்து நிற்கிறார். அவர் மாமியாரின் முழங்கால். "டாக்டரம்மா, ஸ்வல்பம் பாரும்மா. இந்த எலும்பு ஏன் இப்டி இருக்கு?"

நான் டாக்டர் இல்லை என்றேன்.

"ஆமா ஆமா. எம் பொண்ணு வெளிய சொல்லிக்க மாட்டா, கூச்சம்னு உங்கப்பாவே சொல்லியிருக்காரு" என்று சிரித்தபடி படத்தை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

மறுப்பதற்கும் வழி வைக்காமல் போயிருக்கிறீர்கள்.

சென்னையில் கவுன்சலிங் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, ஆஸ்பத்திரி மெஷின்களைப் பற்றிய படிப்பு என்று நான் சரியாகத்தான் சொன்னேன். நீங்களும் சரியாகத்தான் கேட்டுக்கொண்டீர்கள். கோளாறு உங்கள் கணக்கில். தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டரான உங்களுக்கு உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்: மெஷினை ஓட்டுகிறவர், மெஷினைத் திறக்கிறவர். மெயின்டனன்ஸ் ஆள் வந்தால் ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் "இப்ப ஓட்டலாம்" என்ற பிறகுதான் பட்டனைத் தொடலாம்.

"அப்ப டாக்டரு ஆபரேட்டரு. நீ மெயின்டனன்ஸு. யாரு பெரியாளு, சொல்லு பாப்பா" என்றீர்கள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அதில்லப்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓசூரில் இறங்குவதற்குள் நான் டாக்டராகிவிட்டேன்.

கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போனார்கள். ஒருத்தி ஸ்கேன் மெஷின் விற்கிறாள். எனக்குக் கிடைத்தது சர்வீஸ் இன்ஜினியர் வேலை. பையில் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், போலியாக இதயத்துடிப்பு தருகிற சின்னப் பெட்டி. காவேரிப்பட்டினத்தில் ஒரு நர்சிங் ஹோமில், "மெக்கானிக் பொண்ணு வந்தாச்சா? ஓ.பி. முடியட்டும், உக்காரச் சொல்லு" என்பார்கள். செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் நம் லைன் வீட்டுக்குத் திரும்பினால் டாக்டரம்மா. நான் உண்மையில் என்ன வேலை பார்க்கிறேனோ, அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட ஊரில் ஒருவர்கூட இல்லை.

அதுவாவது போகட்டும். உங்கள் நெஞ்சு?

ஷிப்ட் முடிந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். டாக்டரிடம் டோக்கன் வாங்கினேன், நீங்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். மறுபடி வாங்கினேன், மறுபடி அதேதான். ரிப்பேர் பார்த்த ஈ.சி.ஜி. மெஷினை மறுநாள் கொடுப்பதற்காக நான் வீட்டுக்கு எடுத்து வந்த அன்று, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டு, "போடு" என்றீர்கள்.

"கோடு சரியா விழுதான்னுதாம்ப்பா எனக்குத் தெரியும். கோடு என்ன சொல்லுதுன்னு டாக்டர்தான் பாக்கணும்."

"கோட்டையே வர வைக்கிறவளுக்குத் தெரியாதாக்கும். மெயின்டனன்ஸ் வீட்லயே இருக்கையில ஆபரேட்டர்கிட்ட எதுக்குப் போவணும்?"

நான் மெஷினைப் பையை விட்டு எடுக்கவில்லை. பொத்தானைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் திரும்பிப் படுத்தீர்கள். அந்த வாரமே வேலையில் இருந்தபடி பிரஸ் பக்கத்தில் சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது டாக்டருக்குச் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை. ஐ.சி.யூ.வில், தலைமாட்டு மானிட்டரைக் காட்டி அவரிடம் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "இது எம் பொண்ணு பாத்த மெஷினா?" இல்லை, அது வேறு கம்பெனி. ஆனாலும் ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

எனக்கு இன்னும் கோபம்தான், அப்பா. ஆனால் ஒவ்வொரு மெஷினையும் மூடி முடித்ததும் நர்சைப் பார்த்து, "இப்ப ஓட்டலாம்" என்கிறேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத உங்கள் பிரஸ் ஷாப் வார்த்தை. அது எப்போது என் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை.

இனி எழுதப்போவதைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கு மாடிப்படி பாதியில் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். "உன்னை வீட்ல வச்சுக்கிட்டு நான் வெளிய போயி காட்டுனா, லைன்ல என்ன பேசுவாங்க? உங்கப்பா சொன்னது பொய்யாயிடும்ல" என்கிறாள்.

வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கியிருக்கிறேன். உங்கள் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சும் அவளிடம் எடுபடாது. அதற்குள் ஒரு தடவை அவள் கனவில் வாருங்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வேண்டாம், அது உங்களால் முடியாது. மெயின்டனன்ஸ் பார்த்தாகிவிட்டது, இனி ஆபரேட்டரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.